தூண்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

மாரிமழை ஓய்ந்து ஆற்றுநீர் தெளியத் தொடங்கியதும் ஆற்றோர ஊர்களில் பிள்ளைகளின் கைக்குத் தூண்டில் வந்துவிடுகிறது. கம்பளையிலும் பேராதனையிலும் பாறைகளுக்கிடையே ஓடும் மகாவலி கங்கை, மன்னம்பிட்டியில் மணற்படுக்கையாக விரிந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான இந்த ஆற்றின் கரையிலே அஸர் வேளைக்குப் பிறகு தூண்டிலோடு நிற்கும் பிள்ளைகளை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். தூண்டில் போடும் வித்தையை வாப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். அல்லது சாச்சா சொல்லிக் கொடுத்திருப்பார். உம்மாவுக்கு அதில் பங்கு மீன் வீட்டுக்கு வந்த பிறகுதான். அறுத்துக் கழுவி ஆணம் ஆக்குவதோடு அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் அன்புச் சகோதரிகளே, மீன் வருவதற்கு முன்பே உங்கள் வீட்டுக்குள் வேறொன்று வந்துவிடுகிறது. அதுதான் தூண்டிலில் பாரத்துக்காகக் கட்டும் ஈயக்குண்டு. அது மகனுடைய சட்டைப் பையில் இருக்கும். மேசை இலாச்சியில் இருக்கும். சில வீடுகளில் குசினி அடுப்பிலேயே உருக்கப்படும். சின்னப் பொருள்தானே என்று யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இந்தக் கட்டுரையில் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்று வாளைக்குக் குண்டை எப்படித் தெரிவு செய்வது, எப்படிக் கட்டுவது என்பது ஒன்று. அந்த வேலைக்கு ஈயம் தேவையே இல்லை என்பது மற்றது. முதலாவதை விளங்கிக்கொண்டால் இரண்டாவது தானாகவே விளங்கும். "ஈயத்தைத் தூக்கி எறி" என்று மட்டும் சொன்னால் தூண்டிற்காரப் பிள்ளை கேட்கமாட்டான். "இதைவிட நல்லது இதோ இருக்கிறது" என்று காரணத்தோடு காட்டினால் கேட்பான். ஆகவே உம்மாமாரும் ராத்தாமாரும் இந்த வித்தையைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம்?

வாளை என்றவுடன் கடலில் பிடிபடும் வெள்ளிப் பட்டி போன்ற சாவாளையை நினைத்துவிடாதீர்கள். இது ஆற்று வாளை. சிங்களத்தில் வலயா என்பார்கள். அகன்ற வாய், நீண்ட மீசை, செதிலில்லாத வழுவழுப்பான உடம்பு. கெளுத்தியும் சுங்கானும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். செதிலில்லாத மீனை உண்ணலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும், ஹனபி மத்ஹபிலும் இவற்றை உண்பது ஆகுமானதே. அதில் ஐயம் வேண்டாம்.

இந்த மீன்களின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் குண்டின் வேலை விளங்கும். இவை பெரும்பாலும் இருட்டிய பிறகே இரை தேடுகின்றன. பகலில் ஆற்றின் வளைவிலுள்ள ஆழமான மடுவிலோ, கரை குடைந்த இடத்திலோ, விழுந்த மரத்தின் அடியிலோ ஒதுங்கிக் கிடக்கும். இரையைக் கண்ணால் தேடுவதைவிட மணத்தாலும் மீசையாலுமே அதிகம் தேடும். மீசையில் மட்டுமல்லாமல் தோலிலும் சுவையறியும் நுண்ணிய உறுப்புகள் இவற்றுக்கு உண்டு. ஓடும் நீரில் இரையின் மணம் ஒரு கோடுபோலக் கீழ்நோக்கிச் செல்லும். மீன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி வரும். இரை ஒரே இடத்தில் கிடந்தால் கோடு அறுபடாது. இரை உருண்டுகொண்டே போனால் கோடு கலைந்துவிடும். மீனும் வழி தவறிவிடும்.

குண்டின் நான்கு வேலைகள்

தூண்டிற் குண்டுக்கு நான்கு வேலைகள் உண்டு. முதலாவது, தூண்டிலை வேண்டிய தூரத்துக்கு எறிய உதவுவது. இரண்டாவது, இரையை ஆற்றின் அடியிலே ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது. மூன்றாவது, மீன் இரையை எடுக்கும்போது பாரத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. நான்காவது, கல்லிலோ கட்டையிலோ சிக்கிக்கொண்டால் முழுத் தூண்டிலையும் பறிகொடுக்காமல் தான் மட்டும் கழன்று விடுவது.

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் இரண்டாவது வேலையை மட்டுமே நினைக்கிறார்கள். "நிற்கவில்லையா, இன்னும் பெரிய குண்டாகப் போடு" என்பதே அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். பாரம் கூடக் கூட எறிவது கடினமாகும், சிக்குவது அதிகமாகும், மீன் பாரத்தை உணர்ந்து இரையை விட்டுவிடும். இரையை நிறுத்தப் போதுமான ஆகக் குறைந்த பாரமே சரியான பாரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தைக் கூட்டுவதற்கு முன்

ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, நீரின் வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். ஆற்று நடுவில் நிற்காத குண்டு கரையோரம் அசையாமல் கிடப்பது இதனால்தான். ஆகவே முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். வளைவின் உட்பக்கத்திலும், பெரிய கல்லின் பின்புறத்திலும் நீர் மெதுவாக ஓடும். வாளையும் கடும் ஓட்டத்தில் நின்று களைப்பதை விரும்புவதில்லை. அந்த மெதுவான நீரின் விளிம்பில்தான் அது காத்துக் கிடக்கும்.

இரண்டாவதாகத் தங்கூசியைப் பாருங்கள். நீர் தள்ளுவது குண்டை மட்டுமல்ல. நீருக்குள் கிடக்கும் தங்கூசி முழுவதையும் தள்ளுகிறது. தடித்த தங்கூசிக்கு அதிக பாரம் வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே நேராக எறிந்தால் தங்கூசி வில்லுப்போல வளைந்து குண்டை இழுத்துக்கொண்டு போகும். சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாக எறிந்து, தடியின் நுனியை உயர்த்தி வைத்தால் நீருக்குள் கிடக்கும் தங்கூசியின் நீளம் குறையும். அப்போது குறைந்த பாரமே நிற்கும்.

மூன்றாவதாக வடிவத்தைப் பாருங்கள். உருண்டைக் குண்டு உருளும். அதை மணலிலே போட்டுவிட்டு நிற்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. மன்னம்பிட்டிப் பக்கம்போல மணற்படுக்கையான இடத்துக்குத் தட்டையான குண்டு வேண்டும். அது படிந்து கிடக்கும். நீர் அதன் மேலாக வழுக்கிப் போய்விடும். ஆற்றுமுகத்தின் சேற்றில் கூர்மையான மூலைகளுள்ள குண்டு புதைந்து பிடிக்கும். ஆனால் தட்டைக் குண்டையோ மூலைக் குண்டையோ மேல்நாட்டுப் பாறை இடுக்கில் போட்டால் மாட்டிக்கொண்டுவிடும். அங்கே பென்சில்போல நீண்டு மெலிந்த குண்டே நல்லது. இழுக்கும்போது இடுக்கிலிருந்து நழுவி வந்துவிடும். உருண்டைக் குண்டு ஓட்டமில்லாத மடுவுக்கு ஏற்றது.

குண்டு நிற்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. எறிந்த பிறகு தங்கூசியை விரலில் தொட்டுப் பாருங்கள். விட்டு விட்டுத் தட்டுவது போன்ற அதிர்வு வந்துகொண்டே இருந்தால் குண்டு உருள்கிறது. முதலில் வடிவத்தை மாற்றுங்கள். பிறகும் நிற்காவிட்டால் கொஞ்சம் பாரத்தைக் கூட்டுங்கள். ஓட்டமில்லாத மடுவில் 15 கிராம் அளவில் தொடங்கலாம். மெதுவான ஓட்டத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை பார்க்கலாம். கடும் ஓட்டத்துக்கு 100 கிராமுக்கு மேலும் தேவைப்படலாம். இவை தொடங்கும் அளவுகளே. முடிவைச் சொல்வது விரலில் தெரியும் அதிர்வுதான்.

ஈயமா, இரும்பா?

"ஈயத்தைவிடப் பாரமானது எது?" என்று பிள்ளை கேட்பான். நியாயமான கேள்விதான். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11 கிராமுக்கு மேல் நிறுக்கும். அதே அளவு இரும்பு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கல் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூட. இதைப் பார்த்தால் ஈயத்தை மிஞ்ச வழியில்லை என்றே தோன்றும்.

ஆனால் குண்டு வேலை செய்வது தண்ணீருக்குள்ளே. தண்ணீரில் மூழ்கிய எந்தப் பொருளும், தான் விலக்கும் தண்ணீரின் எடையளவுக்குத் தன் பாரத்தை இழக்கிறது. 100 கிராம் ஈயம் தண்ணீருக்குள் ஏறத்தாழ 91 கிராம் பாரத்தைக் காட்டும். 100 கிராம் இரும்பு 87 கிராம் காட்டும். 100 கிராம் கல் 62 கிராம்தான் காட்டும். அப்படியானால் 100 கிராம் ஈயம் செய்யும் வேலையைச் செய்ய 105 கிராம் இரும்பு போதும். வித்தியாசம் வெறும் 5 கிராம்! கல்லென்றால் 150 கிராம் அளவு வேண்டும்.

இரும்பு இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. உருண்டையாகச் செய்தால் ஈயத்தைவிடப் பெரிதாகத் தெரியும். தட்டையாகவோ நீளமாகவோ தெரிவு செய்தால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது. மேலே சொன்னபடி ஆற்றில் குண்டை நிறுத்துவதில் வடிவத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறதல்லவா?

இந்த இரும்புக்குத் தனியாகச் சல்லி செலவழிக்க வேண்டியதுமில்லை. மணலுக்கு வாசர் என்று சொல்லும் தட்டை வளையங்கள் மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டினால் தட்டைக் குண்டு தயார். பெரிய நட் ஒன்றின் ஆறு மூலைகளும் சேற்றைப் பிடிக்கும். பாறைக்கு, கட்டட வேலையில் மிஞ்சிய கொங்கிறீட் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, முனைகளை அராவி எடுத்துக்கொள்ளலாம். கராஜில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக்கைக்கூடப் பல நாடுகளிலும் தூண்டிற்காரர்கள் குண்டாகப் பாவிக்கிறார்கள். எண்ணெய் அழுக்கிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பாவியுங்கள். இரும்பு துருப்பிடிக்குமே என்றால், பிடிக்கட்டும். ஆற்றில் தவறிய இரும்பு நாளடைவில் துருவாகிக் கரைந்துவிடும், யாருக்கும் நஞ்சாகாது.

கட்டும் முறை

ஆற்றுக்கு இரண்டு கட்டுக்கள் போதும். இரண்டுக்கும் உங்கள் தையல் பெட்டியிலிருந்தே சாமான் எடுக்கலாம்.

முதலாவது ஓடும் கட்டு. மணலுக்கும் மெதுவான நீருக்கும் இது ஏற்றது. தங்கூசியில் முதலில் சிறிய பித்தளை வளையம் ஒன்றைக் கோத்துவிடுங்கள். அது தங்கூசியில் தடையில்லாமல் மேலும் கீழும் ஓடவேண்டும். வளையத்திலிருந்து நான்கு விரல் நீளப் பருத்தித் தையல் நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிடுங்கள். நட்டின் துளையினூடாகத் தங்கூசியை நேரடியாகக் கோக்கக் கூடாது; அதன் கூரான விளிம்பு தங்கூசியை அறுத்துவிடும். வளையத்துக்குக் கீழே சட்டைப் பொத்தான் ஒன்றை ஒரு துளையினூடாகக் கோத்துவிடுங்கள். அதற்கும் கீழே முறுக்கு விழாமல் சுழலும் இரட்டை வளையத்தைக் கட்டுங்கள். மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். குண்டு வந்து முடிச்சை இடிக்காமல் பொத்தான் தாங்கிக்கொள்ளும். சுழலும் வளையத்திலிருந்து ஒரு சாண் தொடக்கம் ஒரு முழம் வரையான தங்கூசியில் முள்ளைக் கட்டுங்கள். ஓட்டம் கூடக் கூட இந்த நீளத்தைக் குறையுங்கள். நீளமாக விட்டால் இரை நீரில் சுழன்று தங்கூசி முறுக்கிக்கொள்ளும்.

இக்கட்டில் மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது தங்கூசி வளையத்தினூடாக ஓடும். குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். மீனுக்குப் பாரம் தெரியாது. குண்டின் மூன்றாவது வேலை இதுதான்.

இரண்டாவது நிலைக் கட்டு. பாறையும் கட்டையும் உள்ள இடத்துக்கு இது ஏற்றது. இதில் ஓடும் வளையமும் பொத்தானும் வேண்டாம். தங்கூசியின் நுனியில் சிறிய வளையம் ஒன்றை இறுகக் கட்டுங்கள். அதன் ஒரு பக்கத்தில் ஒரு முழத் தங்கூசியில் முள். மறு பக்கத்தில் ஒரு சாண் பருத்தி நூலில் குண்டு. நூல் தங்கூசியைவிடப் பலம் குறைந்ததாக இருப்பது இங்கே மிக முக்கியம். குண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டால் நூல் அறும்; முள்ளும் மீனும் உங்களிடமே வந்து சேரும். தங்கூசியே அறுந்து மீன் தப்பிப் போனாலும், பாரத்தோடு கட்டுண்டு கிடந்து வீணாகச் சாகாது.

ஓர் எச்சரிக்கை. பலம் குறைந்த நூலில் பாரமான குண்டைக் கட்டி வேகமாக வீசினால் நூல் அறுந்து குண்டு பறக்கும். பாரம் கூடினால் நூலை இரட்டையாக எடுங்கள். வீசி எறியாமல் ஊஞ்சல்போல ஆட்டி விடுங்கள். பின்னால் தம்பி, தங்கை நிற்கிறார்களா என்று பார்த்தே எறியவேண்டும்.

ஈயம் வீட்டுக்குள் செய்யும் வேலை

இனி, ஈயத்தை ஏன் விடவேண்டும் என்பதைப் பார்ப்போம்.

சிறிய ஈயக்குண்டுகளில் ஒரு பிளவு இருக்கும். அதில் தங்கூசியை வைத்து அழுத்திவிட வேண்டும். குறடு கையில் இல்லையென்றால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பல்லால் கடித்து அழுத்துகிறார்கள். இரண்டு மூன்று குண்டுகளை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டே அடுத்த முடிச்சைப் போடுகிறார்கள். பிறகு அதே கையால் பணிஸ் சாப்பிடுகிறார்கள்.

ஈயத்தைத் தொட்ட மாத்திரத்தில் நஞ்சேறிவிடாது. தோலினூடாக அது உடலுக்குள் போவது மிகக் குறைவு. ஆனால் கையில் படியும் கறுப்புத்தூள் வாய்க்குப் போகிறது. பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் குடல், உட்கொண்ட ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. உடலில் இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

உள்ளே போன ஈயத்தைக் கல்சியம் என்று எண்ணி உடல் எலும்பிலே சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் இருக்கும். வளரும் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. கவனம் குறையும், படிப்பு பின்தங்கும், முன்கோபம் கூடும். இரத்தச்சோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் ஆகியனவும் வரலாம். பல வேளைகளில் வெளிப்படையான அறிகுறி எதுவுமே இராது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். "பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று நாம் பிள்ளையைக் குறைகூறிக்கொண்டிருப்போம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சகோதரிகளே, உங்கள் உடம்புக்கும் இதில் பங்குண்டு. சிறுவயதில் எலும்பில் சேர்ந்த ஈயம், ஒரு பெண் கர்ப்பம் தரிக்கும் காலத்தில் கல்சியத்தோடு சேர்ந்து மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. அது தொப்புள்கொடி வழியாகச் சிசுவையும் சென்றடைகிறது. இன்று வீட்டிலுள்ள மகள் நாளை உம்மாவாகப் போகிறவள். தூண்டில் மகனுடையதாக இருந்தாலும், வீட்டுக்குள் விழும் தூள் எல்லோருக்கும் பொதுவானது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வீட்டில் ஈயம் உருக்குவதுதான். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பே அதற்குப் போதும். பழைய வாகனப் பெற்றரியை உடைத்து, அதிலுள்ள தகடுகளைப் பேணியிலோ பழைய சட்டியிலோ போட்டு உருக்குகிறார்கள். உருகும்போது மேலே சாம்பல்போல ஒரு பொடி படியும். அதிகம் சூடேறினால் புகையும் எழும். அந்தப் பொடி தரையிலும், உடுத்த உடுப்பிலும், அடுக்கி வைத்த கோப்பைகளிலும் படிகிறது. தரையில் தவழும் குழந்தை கையை ஊன்றி, பிறகு அந்தக் கையை வாயில் வைக்கிறது. பெற்றரியிலுள்ள அமிலம் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். உருகிய ஈயத்தை ஈரமான மண் அச்சில் ஊற்றினாலோ, ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் விழுந்தாலோ, நீர் சட்டென்று ஆவியாகி ஈயத்தை நாலாபக்கமும் தெறிக்கச் செய்யும். முகத்தில் பட்டால் கண் போய்விடலாம்.

உலகம் என்ன செய்தது?

இது வீண் பயமல்ல. இங்கிலாந்தில் ஆற்றோரங்களில் அன்னப்பறவைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஆராய்ந்தபோது, தூண்டிற்காரர்கள் தவறவிட்ட சிறு ஈயக்குண்டுகளை அவை பருக்கைக் கற்களோடு சேர்த்து விழுங்கியிருந்தது தெரியவந்தது. பறவையின் இரைப்பை கல்லோடு சேர்த்து ஈயத்தையும் அரைத்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதனால் 28 கிராம் வரையான பெரும்பாலான ஈயக்குண்டுகள் அங்கே 1987இல் தடை செய்யப்பட்டன. 1997இல் கனடா தனது தேசிய வனங்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளைத் தடுத்தது. டென்மார்க் 2002இல் ஈயத் தூண்டிற் சாமான்களின் விற்பனையை நிறுத்தியது. அந்த நாடுகளில் மீன்பிடி நின்றுவிடவில்லை, குண்டுதான் மாறியது.

நமது நாட்டிலும் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, வீதியில் ஓடும் வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்கும் நாடே உலகில் இல்லாமல் போனது. வாகனத்துக்கே ஆகாது என்று விலக்கிய ஒன்றைப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்திருக்கலாமா?

நீங்கள் செய்யவேண்டியவை

முதலில் தூண்டில் பெட்டியை மகனோடு சேர்ந்து திறந்து பாருங்கள். ஏசுவதற்காக அல்ல, மாற்றிக் கொடுப்பதற்காக. ஈயத்துக்கும் இரும்புக்கும் வித்தியாசம் காண்பது இலகு. நகத்தால் கீறினால் ஈயத்தில் தடம் விழும். கடதாசியில் உரைத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். காந்தம் அதை இழுக்காது. பார்த்து முடித்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஈயக்குண்டுகளை மூடியுள்ள போத்தலில் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், சாப்பாட்டுச் சாமான்களுக்குத் தூரமாக வையுங்கள். பழைய பெற்றரிகளைத் திருப்பி எடுக்கும் இடம் தெரிந்தால் பெரியவர் ஒருவர் மூலம் கொடுத்துவிடலாம். ஆற்றிலோ குப்பை எரிக்கும் குழியிலோ போடவேண்டாம். பெட்டியைச் சவர்க்கார நீரில் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த தும்புத்தடியால் கூட்டினால் தூள் பறக்கும். அந்தத் துணியை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

ஈயத்தைக் கையாண்டவர் சாப்பிடுமுன் சவர்க்காரத்தால் கை கழுவவேண்டும். வெறுந்தண்ணீர் போதாது. ஈயம் உருக்கிய சட்டி, பேணி, அகப்பை எதையும் திரும்பக் குசினிக்குள் எடுக்காதீர்கள். தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று நம்பவேண்டாம். முருங்கைக்கீரை, பால், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி போன்றவை பிள்ளையின் உணவில் இருக்கட்டும். இவை நஞ்சு முறிவு மருந்தல்ல. ஆனால் இரும்பும் கல்சியமும் குறையாத உடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

பிடித்த மீனை அறுக்கும்போது குடலை முழுதாக எடுத்துவிடுங்கள். முந்தியொருவர் தவறவிட்ட முள்ளோ குண்டோ வயிற்றுக்குள் இருக்கலாம்.

குழந்தை ஈயக்குண்டை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். தானாக வெளியேறும் என்று நாள் கடத்தவும் வேண்டாம். வயிற்றிலுள்ள அமிலம் ஈயத்தைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதுபோன்ற இன்னொரு குண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எக்ஸ்றேயில் குண்டு இருக்குமிடம் தெரியும். நஞ்சு பற்றிய ஆலோசனை தருவதற்கென்றே கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. உங்கள் ஊர் வைத்தியரும் அதனிடம் விசாரித்துக்கொள்ளலாம். வீட்டில் அடிக்கடி ஈயம் உருக்கியிருந்தால், பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் உண்டா என்று பரிசோதிப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

குண்டு சொல்லும் எச்சரிக்கை

முடிக்குமுன் இன்னொரு விடயம். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். நேற்று ஓரிடத்தில் நின்ற குண்டு, இன்று அதே இடத்தில் அதே கட்டில் நிற்கவில்லையென்றால் ஆற்றின் வேகம் கூடியிருக்கிறது என்பதே பொருள். மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம். அல்லது அணையின் கதவு திறக்கப்பட்டிருக்கலாம். பொல்கொல்லை, விக்டோரியா, ரன்தெனிகலை என்று மகாவலியில் அணைகள் பல. வானம் வெளுத்திருக்கும்போதே கீழே நீர் ஏறக்கூடும். குண்டைத் தள்ளும் அதே விசைதான் முழங்காலளவு நீரில் நிற்கும் பிள்ளையின் காலையும் தள்ளுகிறது.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது பெரிய குண்டைத் தேடுவதல்ல. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறி வீட்டுக்கு வருவது. மணல் அள்ளிய குழிகள் உள்ள இடத்திலும், முதலை நடமாடும் கீழாற்றிலும் பகலிலேயே நீருக்குள் இறங்கக் கூடாது. வாளை இரவில் இரை எடுக்கும் மீன். ஆகவே இருட்டிய பிறகு நிற்க ஆசை வரும். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளையை இரவில் ஆற்றங்கரையில் நிற்க விடாதீர்கள்.

வாளை முன்னைப்போலப் பெருகியிருக்கும் மீனுமல்ல. அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குஞ்சு பிடிபட்டால் ஈரக் கையால் முள்ளைக் கழற்றி ஆற்றிலே விட்டுவிடும்படி சொல்லுங்கள். வீட்டுக்குத் தேவையானது கிடைத்தால் போதும்.

தூண்டில் பிடிப்பது பிள்ளைக்குப் பொறுமையைப் பழக்கும் நல்ல பொழுதுபோக்கு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. இந்த வாரமே நான்கு வாசர், ஒரு நூற்கட்டை, ஒரு சட்டைப் பொத்தான் ஆகியவற்றை மகனுடைய கையில் கொடுங்கள். ஓடும் கட்டை அவனோடு இருந்து ஒருமுறை கட்டிப் பாருங்கள். ஈயப் போத்தலை உயரத்தில் எடுத்து வையுங்கள். பிறகு அவன் கொண்டுவரும் மீனை நிம்மதியாக ஆணம் ஆக்கலாம்.